ஆத்தா இடுப்பில் இருந்த கறுப்புப் பொருக்கு

போன மார்கழியில் எங்கள் செட்டிநாட்டுப் பிள்ளையார் நோன்புக்கு ஆவாரம்பூ பறிக்க ஆத்தாவே கிளம்பினார். பள்ளத்தூரில் சொல்லி வைத்தால் வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்க ஆள் இருக்கிறது. "நோன்புப் பூவை நாமதான் பறிக்கணும்" என்பது அவருடைய பிடிவாதம். கண்மாய்க்கரையில் சீமைக்கருவேலுக்கு நடுவே மூன்று ஆவாரஞ்செடி. பறித்த பூவைக் கரைப் புல்லிலேயே உட்கார்ந்து ஆய்ந்துகொண்டு வந்தாராம். அதற்கு முந்தின இரண்டு நாளும் பின்கட்டுக்குப் பின்னால் மண்டிக் கிடந்த களையையும் ஆள் வைத்துப் பிடுங்கி, கூடவே நின்றிருக்கிறார். வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் வீட்டுப் பக்கம் எப்படி இருக்கும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நோன்பு முடிந்து, இழை என்கிற நோன்புப் பிரசாதம் எடுத்து, எல்லோரும் அவரவர் ஊருக்குப் போய்விட்டோம். பத்து நாள் கழித்து ஆத்தாவுக்குக் காய்ச்சல்.

சாதாரணக் காய்ச்சல்தான் என்று நினைத்தோம். 102 டிகிரி, மண்டையைப் பிளக்கும் தலைவலி, உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி. பாராசிட்டமால் போட்டால் இறங்கும், நாலு மணி நேரத்தில் ஏறும். நாலாம் நாள் ஒரு கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். டெங்கு இல்லை, மலேரியா இல்லை, டைபாய்டு இல்லை. ஏதோ ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். மூன்று நாள் சாப்பிட்டும் காய்ச்சல் அசையவில்லை. வறட்டு இருமலும் சேர்ந்துகொண்டது. அதற்கு மேல் எனக்கு மனசு கேட்கவில்லை, காரைக்குடியிலிருந்து கிளம்பிவிட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் வெந்நீரில் துணி நனைத்து உடம்பு துடைத்துவிட்டேன். பாவாடை நாடாவைத் தளர்த்தியபோதுதான் பார்த்தேன். இடது இடுப்பில், நாடா உட்காரும் இடத்தில், பயத்தம்பருப்பு அளவுக்கு ஒரு கறுப்புப் பொருக்கு. ஊதுபத்தியால் சுட்டுக் கருகின மாதிரி. சுற்றிலும் லேசான சிவப்பு வளையம். அதே பக்கம் தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது.

"வலிக்குதா ஆத்தா?"

"ஒண்ணுமில்லடி. நாடா அறுத்த காயம். அரிக்கக்கூட இல்ல."

வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. அதனால்தான் ஏழு நாளாக யாருமே அதைப் பார்க்கவில்லை.

மறுநாள் காரைக்குடியில் ஒரு டாக்டரிடம் அதைக் காட்டினேன். பார்த்தவுடனே, "புதர்ப் பக்கம் எங்கேயாவது போனீங்களா? எத்தனை நாள் ஆச்சு?" என்று கேட்டார். ஆத்தாவுக்குக் கணக்கு விரல் நுனியில் இருந்தது. நோன்புக்காகத் திருக்கார்த்திகையிலிருந்து நாளுக்கு ஒரு நூலாக 21 நாள் எண்ணுகிறவர் அல்லவா, பூப் பறித்த நாளிலிருந்து எண்ணிச் சொல்லிவிட்டார். "ஸ்க்ரப் டைபஸ், உண்ணிக்காய்ச்சல்" என்றார் டாக்டர். "நான் நாய், மாடு எதையும் தொடவே இல்லையே" என்றார் ஆத்தா.

இந்தப் பெயரால் வரும் குழப்பம் இது. நாயின் காதில் ஒட்டியிருக்கும் உண்ணி வேறு. இது மண்ணிலும் புல்லிலும் இருக்கும் ஒரு வகைச் சிற்றுண்ணியின் குஞ்சு. கண்ணுக்குத் தெரியாத அளவு பொடி. எலிதான் அதற்கு வழக்கமான இரை, மனுஷன் குறுக்கே போனால் மனுஷனைக் கடிக்கும். துணி இறுக்கும் இடமாகப் பார்த்துக் கடிக்கும்: இடுப்பு, அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே. அக்குள் போல ஈரம் நிற்கும் இடத்தில் பொருக்குக் கறுப்பாக இல்லாமல் மஞ்சளாகப் புண் மாதிரியும் இருக்கும். எல்லோருக்கும் பொருக்கு வருவதும் இல்லை. ஆனால் இருந்தால் அதைவிடப் பெரிய துப்பு கிடையாது.

ரத்தப் பரிசோதனைக்கு எடுத்தார்கள். ஐ.ஜி.எம். எலைசா என்று பெயர். முதல் சில நாளில் அது தெரியாமலும் போகலாம் என்பதால், முடிவு வரும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், காலையும் இரவும், ஏழு நாளைக்கு எழுதிக் கொடுத்தார். சாப்பிட்ட பிறகு, நிறையத் தண்ணீருடன், போட்டவுடன் படுக்காமல். கர்ப்பிணிகளுக்கு இதற்குப் பதில் அசித்ரோமைசின் கொடுப்பார்களாம். இரண்டாம் நாள் ராத்திரி காய்ச்சல் விட்டது. மறுநாள் காலையில் ஆத்தா இட்லி கேட்டார். நான் அடுப்படியில் நின்று அழுதுவிட்டேன். ரிசல்ட்டும் பாசிட்டிவ் என்றே வந்தது.

முன்னால் கொடுத்த ஆன்டிபயாட்டிக் ஏன் கேட்கவில்லை என்று கேட்டேன். இந்தக் கிருமி நம் செல்லுக்கு உள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கிறது, பெனிசிலின் வகை மருந்துகள் அதை ஒன்றும் செய்யாது என்றார். விட்டுவிட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போய் உயிருக்கே ஆபத்தாகிவிடும். ஆத்தாவின் இருமல் அதன் ஆரம்பம்தான்.

தங்கச்சி கனெக்டிகட்டில் இருக்கிறாள். உண்ணி என்றதும் "லைம் டிசீஸா?" என்று பதறினாள். அந்த நோய்க்குப் பெயர் கொடுத்த லைம் என்கிற ஊரே அவள் இருக்கும் மாநிலத்தில்தான். 1975 வாக்கில் அங்கே பல குழந்தைகளுக்கு ஒரே சமயத்தில் மூட்டு வீங்கியதிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட நோய் அது. கிருமியும் வேறு, கடிப்பதும் வேறு. அங்கே உண்ணி தோலிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். நோய் தொற்றப் பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஆகும் என்பதால், சாயங்காலம் உடம்பைத் தேடிப் பார்த்து இடுக்கியால் பிடுங்கிவிட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். கடித்த இடத்தைச் சுற்றி நாளுக்கு நாள் பெரிதாகும் சிவப்பு வளையம்தான் அவர்கள் தேடுவது. நமக்குப் பிடுங்க ஒன்றும் கிடைக்காது. ஆனால் இரண்டுக்கும் ஆரம்பத்தில் கொடுப்பது டாக்ஸிசைக்ளின்தான் என்று கேட்டதும் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதி.

தடுப்பூசி இதற்குக் கிடையாது. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றவும் தொற்றாது. ஆத்தாவின் தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்த உறவுக்காரர்களிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். மழை முடிந்து தை மாசி வரைக்கும் எங்கள் பக்கம் புதர் வெட்டுகிறவர்கள், ஆடு மேய்க்கிறவர்கள், வயல் வேலைக்குப் போகிறவர்கள், நோன்புக்கும் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் வீடு திறக்க வருகிறவர்கள், யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் துணி மறைக்கும் இடத்தை ஒருமுறை பாருங்கள். வயசானவர்கள் தாங்களாகக் காட்ட மாட்டார்கள். கூச்சப்படுவார்கள். டாக்டரும் நேரமில்லாமல் விட்டுவிடுவார். நீங்கள்தான் வாய் விட்டுச் சொல்ல வேண்டும்: "புதர்ப் பக்கம் போனார், இங்கே ஒரு பொருக்கு இருக்கிறது."

இந்த வருஷமும் ஆத்தா பூப் பறிக்கப் போகத்தான் செய்தார். நானும் கூடப் போனேன். காலுக்கு சாக்ஸ், முழுக்கை ரவிக்கை, கை கால்களில் பூச்சி விரட்டும் களிம்பு. புல்லில் உட்கார விடவில்லை, நின்றபடியே பறித்தோம். வீட்டுக்கு வந்ததும் கட்டியிருந்த சேலையைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுவிட்டு, சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு, "இங்க எனக்குத் தெரியாதுடி, நீ பாரு" என்றார்.