தஞ்சோங் மாலிம் விடுதியில் முதல் ஆண்டு

ஆறாம் படிவத் தேர்வான எஸ்டிபிஎம் முடிவு வந்து, அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப முறையான யூபியூ வழி விண்ணப்பித்து, கல்வியியல் பட்டப்படிப்புகளுக்கென்றே உள்ள மெட்சி தேர்வையும் நேர்முகத்தையும் கடந்த பிறகு, மலேசியாவில் தஞ்சோங் மாலிமிலுள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் தமிழ்மொழிக் கல்வி பயில எனக்கு இடம் கிடைத்தது. சுங்கை சிப்புட்டில் இருக்கும் எங்கள் குடும்பத்தில் தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். அப்பா செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறார். விடுதியில் தங்கிப் படித்தவர் என்று ஆலோசனை கேட்க வீட்டில் ஒருவரும் இல்லை. அதனால் அந்த ஓராண்டில் நானாகவே தெரிந்துகொண்டவற்றை, என்னைப் போன்ற வீடுகளிலிருந்து கிளம்பும் பிள்ளைகளுக்காக எழுதி வைக்கிறேன்.

பதிவு நாளுக்கு முன்பு முடிக்க வேண்டிய வேலைகளில் உடல்நலப் பரிசோதனையே அதிக நேரம் பிடிப்பது. இரத்தம், சிறுநீர், மார்பு எக்ஸ்ரே என்று பாரத்தில் வரிசையாக இருக்கும். கிளினிக்கில் எக்ஸ்ரே வசதி இல்லாவிட்டால் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். கடைசி வாரத்தில் ஊரிலுள்ள புது மாணவர்கள் அனைவரும் அங்கேதான் நிற்பார்கள். அரசின் உயர்கல்விக் கடன் நிதியான பிடிபிடிஎன் கடனுக்கு விண்ணப்பிக்க முதலில் அதன் எஸ்எஸ்பிஎன் சேமிப்புக் கணக்கு வேண்டும். குறைந்தது 20 வெள்ளி (ரிங்கிட்) போட்டு அதைத் திறக்கலாம். ஆனால் கடன் ஒப்புதலாகி, ஒப்பந்த வேலைகள் முடிந்து, கட்டணம் கழிந்து மிச்சம் கைக்கு வருவதற்குள் வகுப்புகள் தொடங்கிப் பல வாரங்கள் ஆகியிருக்கும். குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு 1,500 வெள்ளி வரை முன்பணம் தரும் ஏற்பாடு இந்த இடைவெளிக்காகவே இருக்கிறது. அது இலவசப் பணம் என்று எங்கள் பக்கம் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிறகு வரும் கடனில் அது கழிக்கப்படும் என்பதை மனத்தில் வைத்துச் செலவழிப்பது நல்லது.

அறிமுக வாரத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தூக்கம் குறைவு, நடை அதிகம், பெயரட்டையைக் கழற்றவே கூடாது.

அதன் பிறகு வந்த வார இறுதிகள்தாம் முக்கியம். தஞ்சோங் மாலிம், பேராக் மாநிலத்தின் தென்கோடியில் பெர்ணம் ஆற்றங்கரையில் இருக்கும் ஊர். ஆற்றைத் தாண்டினால் சிலாங்கூர் மாநிலம். கிள்ளான் பக்கம் போகும் கொமுட்டர் புறநகர் ரயில் இங்கிருந்துதான் புறப்படுகிறது. வடக்கே போகவும் ரயில் உண்டு. ஆகவே வெள்ளிக்கிழமை மாலையானால் பையைத் தூக்கிக்கொண்டு நிலையத்துக்குப் போகும் மாணவர்கள் ஏராளம், அவர்களில் நம் பிள்ளைகள் நிறையப் பேர். "ரயில்தான் இருக்கே, வந்துட்டுப் போயேன்" என்று அம்மாவும் தொலைபேசியில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

நான் போகாமல் இருந்ததற்குக் காரணம் என் அறைத்தோழி. போர்னியோ தீவிலுள்ள சரவாக்கில் ராஜாங் ஆற்றோரமுள்ள கப்பிட்டைச் சேர்ந்த ஈபான் பூர்வகுடிப் பெண் அவள். வீட்டுக்குப் போக வேண்டுமானால் சிபுவுக்கு விமானம் ஏறி, அங்கிருந்து மேலும் நெடுந்தூரம் போக வேண்டும். எனவே நீண்ட விடுமுறை தவிர வேறு எப்போதும் அவள் ஊருக்குப் போவதில்லை. போக வழியில்லாத அவள்தான் எங்கள் மாடியில் முதலில் நிலைகொண்டவள் என்பதை நான் கவனித்தேன். துணி துவைக்கும் இயந்திரம் எந்த நேரத்தில் காலியாக இருக்கும், எந்தப் பேருந்து பழைய வளாகத்திலிருந்து புரோட்டோன் சிட்டியிலுள்ள புதிய வளாகத்துக்குப் போகும், விடுதியைக் கவனிக்கும் ஃபெலோவிடம் எதை எப்போது கேட்கலாம் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. சனிக்கிழமைக் கோத்தோங் ரோயோங் என்ற கூட்டுத் துப்புரவுப் பணியிலும் விளையாட்டிலும் கலந்துகொண்டு தெரிந்துகொண்டவை அவை. வார இறுதியில் ஊருக்குப் போனவர்களுக்கோ ஒவ்வொரு திங்கட்கிழமையும் முதல் நாளாகவே இருந்தது.

இதில் கணக்கும் இருக்கிறது. முதலாண்டில் விடுதி இடம் பெரும்பாலும் கிடைத்துவிடும். அடுத்த ஆண்டு நடவடிக்கைகளில் பங்கெடுத்ததற்கான மெரிட் புள்ளிகளைப் பார்க்கிறார்கள், அந்த நடவடிக்கைகளில் பெரும்பகுதி வார இறுதியில்தான் நடக்கிறது. புள்ளி குறைந்தால் வெளியே வாடகை வீடு தேட வேண்டும். வாடகையோடு மோட்டார் சைக்கிள் செலவும் சேர்ந்துகொள்ளும். இதை அப்பாவிடம் வெள்ளிக் கணக்காக எடுத்துச் சொன்ன பிறகுதான் வீட்டில் சமாதானமானார்கள். "பிள்ளைக்கு வீடு மறந்துபோச்சு" என்று அம்மா சில காலம் பெரியம்மாவிடம் குறைபட்டுக்கொண்டிருந்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்திய மாணவர்களுடன் மட்டும் இருந்துவிடுவது எளிது. முதல் வாரங்களில் அந்தத் துணை தேவையும்கூட. எங்கள் மூத்த அக்காமார்கள்தாம் பாடப் பதிவில் எதை முதலில் எடுக்க வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்டித் தந்தார்கள். ஆனால் நெறியும் நாகரிகமும் பற்றிய 'பெங்ஹாயாத்தான் எத்திக்கா டான் பெராடாபான்' போன்ற கட்டாயப் பாடங்களில் எல்லாத் துறை மாணவர்களும் கலந்து உட்காருவார்கள். விரிவுரையும் குழுப்பணியும் மலாயில் நடக்கும். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்து, இடைநிலைப்பள்ளியிலும் நம் பிள்ளைகளோடே பேசிப் பழகிய எனக்கு, மலாயில் எழுதுவது சிரமமாக இருக்கவில்லை, எல்லார் முன்னும் எழுந்து நின்று பேசிப் படைப்பதுதான் சிரமமாக இருந்தது. இரவில் அறைத்தோழி முன் ஒத்திகை பார்ப்பேன். அவள் பேச்சில் சரவாக் மலாய் கலந்திருக்கும். எனக்கு விளங்காதபோது இருவருமே சிரித்துவிடுவோம், கூச்சம் அப்படித்தான் போயிற்று.

சாப்பாடு ஒரு பிரச்சினையே அல்ல என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. அறையில் சமைக்க அனுமதி இல்லை. சிற்றுண்டிச்சாலையில் எந்தக் குழம்பில் மாட்டிறைச்சி இருக்கிறது என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். விரதம் இருக்கும் வெள்ளிக்கிழமைகளில் பேருந்தில் பட்டணத்துக்குப் போய்க் கோயிலில் அர்ச்சனை முடித்து, நம்மவர் கடையில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டுத் திரும்புவேன். கோயிலில் அறிமுகமான பாட்டிமார்கள் பெரும்பாலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து பட்டணத்து வீடுகளுக்கு மாறி வந்தவர்கள். எந்தத் தோட்டத்துப் பிள்ளை என்று கேட்டுவிட்டுத்தான் பெயரைக் கேட்பார்கள். அவர்களில் ஒருவர் சொல்லித்தான், தேர்வு மாதத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் கட்டுச்சோறு தரும் வீடு ஒன்று எனக்குக் கிடைத்தது.

இரண்டாம் ஆண்டு அறை விண்ணப்பத்தில் அறைத்தோழியும் நானும் ஒருவர் பெயரை மற்றவர் எழுதிக் கொடுத்தோம். இருவருக்கும் இடம் கிடைத்தது, ஆனால் ஒரே அறையில் அல்ல, அடுத்தடுத்த அறைகளில். என் புதிய அறைத்தோழி கூலிம் பக்கத்துத் தமிழ்ப் பெண். வந்து சேர்ந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, வெள்ளிக்கிழமை வடக்கே போகும் ரயில் எத்தனை மணிக்கு என்பதுதான்.