பிங் போகுது, என்எஸ்லுக்அப் மட்டும் இல்லைங்குது

ஒரு மெஷினோட பேரை பிங் (மெஷின் உயிரோட இருக்கான்னு தட்டிப் பாக்குற கமாண்ட்) பண்ணா பதில் வருது, அதே பேரை என்எஸ்லுக்அப்ல (பேருக்கு ஐபி அட்ரஸ் தேடுற கமாண்ட்) போட்டா அப்படி ஒண்ணும் கிடையாதுன்னு சொல்லுது. நெட்வொர்க் வேலைக்கு புதுசா வர்றவங்க எல்லாரும் இந்த இடத்துல மண்டைய பிச்சுக்குவாங்க. ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுதுன்னு தோணும். அப்படி இல்ல, ரெண்டும் கேக்குற ஆள்தான் வேற. என்எஸ்லுக்அப் நேரா டிஎன்எஸ் சர்வர்கிட்ட, அதாவது பேர் குடுத்தா ஐபி சொல்ற சர்வர்கிட்ட, போய் நிக்கும், பிங் ஆபரேட்டிங் சிஸ்டத்துகிட்ட கேக்கும், சிஸ்டம் அதுக்கு தெரிஞ்ச வழியெல்லாம் ஒண்ணொண்ணா தட்டிப் பாக்கும்.

அதுல பழைய வழி ஹோஸ்ட்ஸ் ஃபைல், எந்த பேருக்கு எந்த ஐபின்னு எழுதி வச்ச பட்டியல். இன்டர்நெட்டுக்கு முன்னோடியான ஆர்பாநெட் காலத்துல மொத்த நெட்வொர்க்குக்கும் ஒரே ஒரு ஃபைல்தான், ஸ்டான்ஃபோர்ட் ரிசர்ச் இன்ஸ்டிட்யூட்ல எலிசபெத் ஃபெயின்லரோட டீம் அத பராமரிச்சாங்க, புது மெஷின் வந்தா அவங்ககிட்ட சொல்லி சேக்கணும், மத்தவங்க அத இறக்கிக்கணும். மெஷின் பெருக பெருக இது தாங்கல, 1983ல பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸ கொண்டு வந்தார், பேர் பாக்குற பொறுப்ப ஆளாளுக்கு பிரிச்சு குடுத்தாச்சு. ஆனா அந்த ஃபைலோட வாரிசு இன்னிக்கும் எல்லா கம்ப்யூட்டர்லயும் இருக்கு, பொதுவா அதுல பாத்துட்டுதான் டிஎன்எஸ்கிட்டயே போகும். எவனோ எப்பவோ டெஸ்ட்டுக்காக அதுல ஒரு வரி எழுதிட்டு மறந்துட்டு போயிருப்பான், சர்வர் ஐபி மாறினதும் அந்த ஒரு மெஷின் மட்டும் பழைய இடத்துக்கே போய் நிக்கும். என்எஸ்லுக்அப்ல பாத்தா எல்லாம் சரியா இருக்கும், ஏன்னா அது அந்த ஃபைலை திரும்பிக்கூட பாக்காது.

அடுத்தது கேஷ், ஒரு தடவை கிடைச்ச பதில சேத்து வைக்கிற இடம். டிடிஎல், அதாவது அந்த பதிலுக்கு குடுத்த ஆயுசு, முடியுற வரைக்கும் பழைய பதில வச்சிருக்கும்னு எல்லாருக்கும் தெரியும், "இல்ல"ங்கற பதிலையும் அதே மாதிரி சேத்து வைக்கும்ங்கறது நிறைய பேருக்கு தெரியாது. டிஎன்எஸ்ல ரெக்கார்ட் (இந்த பேருக்கு இந்த ஐபின்னு ஒரு பதிவு) போடுறதுக்கு முன்னாடியே வந்துடுச்சான்னு அவசரப்பட்டு தேடிப் பாத்தவனுக்குதான் கடைசியா வரும்!

டிஎன்எஸ் சர்வரே இல்லாத சின்ன நெட்வொர்க்னா மெஷினே குரல் குடுக்கும், இந்த பேருக்காரர் யாருப்பான்னு. விண்டோஸ்ல பழைய நெட்பயாஸ் இப்படித்தான், யூடிபி போர்ட் 137ல பிராட்காஸ்ட், அதாவது எல்லாருக்கும் கேக்குற மாதிரி கத்துறது. பேர் 15 எழுத்துதான், 16வது இடம் என்ன சர்வீஸ்னு காட்ட, அதனால நீளமா பேர் வச்சு கடைசியில மட்டும் 01, 02னு மாத்தினா ரெண்டும் ஒரே பேரா வெட்டுப்பட்டு முட்டிக்கும். பிராட்காஸ்ட் ரவுட்டர தாண்டாது, அதான் ஒரே சப்நெட்ல (ரவுட்டருக்கு ஒரே பக்கம் இருக்குற நெட்வொர்க் துண்டு) தெரியுற மெஷின் அடுத்த சப்நெட்ல இருந்து பாத்தா காணோம்.

விண்டோஸ்ல இதே வேலைக்கு அப்புறம் வந்த எல்எல்எம்என்ஆரும் அதே கூப்பாடுதான், மல்டிகாஸ்ட்ல, அதாவது அதுக்குன்னு காது குடுத்திருக்குற மெஷின்களுக்கு. எனக்கு இதுல சுத்தமா நம்பிக்கை கிடையாது. ஷேர் ஃபோல்டர் இருக்குற சர்வர் பேர யாராவது தப்பா டைப் பண்ணா போதும், டிஎன்எஸ்ல இல்லைன்னு வந்ததும் மெஷின் ஊருக்கே கேக்குற மாதிரி கத்தும், நெட்வொர்க்ல உக்காந்திருக்குற திருடன் "நான்தான் அது"ன்னு சொல்லிடுவான், இதுவும் நம்பி பாஸ்வேர்ட் ஹாஷை (பாஸ்வேர்ட உருமாத்தின வடிவம்) அவன்கிட்டயே நீட்டிடும். ஆஃபீஸ் நெட்வொர்க்னா குரூப் பாலிசில (எல்லா விண்டோஸ் மெஷினுக்கும் ஒரே இடத்துல இருந்து செட்டிங் போடுற வசதி) அத ஆஃப் பண்ணிடுங்க, நெட்பயாஸையும் சேத்து.

எம்டிஎன்எஸ், இதே மாதிரி மல்டிகாஸ்ட்ல பேர் கேக்குற இன்னொரு முறை, கொஞ்சம் ஒழுங்கு, பிரிண்டர் தானா தெரியுதுன்னா பெரும்பாலும் இதோட வேலைதான், போர்ட் 5353. பேருக்கு கடைசியில டாட் லோக்கல் வரும், ஒரே பேர்ல ரெண்டு மெஷின் வந்தா ஒண்ணு தன் பேருல 2 சேத்துக்கிட்டு ஒதுங்கிக்கும். சிக்கல் என்னன்னா 2013ல டாட் லோக்கல அதிகாரப்பூர்வமா இதுக்குன்னு ஒதுக்குறதுக்கு முன்னாடியே ஏகப்பட்ட ஆஃபீஸ்ல விண்டோஸ் டொமைனுக்கு அந்த பேர வச்சுட்டாங்க, அங்க மேக்கோ லினக்ஸோ கொண்டு போனா டிஎன்எஸ்கிட்ட கேக்க வேண்டியத மல்டிகாஸ்ட்ல கேட்டுட்டு உக்காந்திருக்கும்.

புதுசா அமைக்கிறவங்க டாட் லோக்கல் பக்கம் போகாதீங்க. சொந்த டொமைன் இருந்தா அதுக்கு கீழ ஒரு சப்டொமைன், இல்லேன்னா டாட் இன்டர்னல், 2024ல இன்டர்நெட் பேர்களை நிர்வகிக்கிற ஐகான் அத இந்த மாதிரி உள் நெட்வொர்க்குக்குன்னே ஒதுக்கிடுச்சு. லினக்ஸ்ல பேர் சரியா வருதான்னு பாக்க கெட்என்ட் ஹோஸ்ட்ஸ் (getent hosts) கமாண்டோட அந்த பேரையும் போட்டு பாருங்க, அது சிஸ்டம் போற வழியிலேயே போய் கேக்கும்.