புதுசுகளைக் கூட்டத்தில் சேர்க்கும்போது

"இருட்டியதும் சத்தமில்லாமல் புதுக் கோழிகளைக் கூட்டுக்குள் விட்டுவிடு, விடிந்ததும் பழைய கோழிகளுக்கு வித்தியாசமே தெரியாது" என்று கோழி வளர்க்கிறவர்கள் நிறையப் பேர் சொல்வார்கள். அவற்றுக்குத் தெரியும். கோழிக்கு இருட்டில்தான் கண் தெரியாது. வெளிச்சம் வந்துவிட்டால் தன் கூட்டத்தில் எது நம்மது, எது அந்நியம் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடும். கொண்டையும் தலையின் அமைப்பும்தான் அதற்கு அடையாளம். அடைத்த கூட்டுக்குள், ஓடி ஒதுங்க இடமில்லாத விடியற்காலையில் அந்த முதல் சந்திப்பு நடப்பதைப்போல மோசமானது வேறில்லை. பகலில், திறந்த இடத்தில், மெதுவாகச் சேர்ப்பதுதான் சரி என்பது என் திடமான கருத்து.

எங்கள் கூட்டத்தில் பழைய பெட்டைகள் ஐந்து. கருப்பிதான் பெரியவள். அவள் தின்றுவிட்டு நகர்ந்த பிறகுதான் செவலை தீவனத் தட்டுக்கு வருவாள். அப்புறம் புள்ளியும் வெள்ளச்சியும். கடைசியில் கட்டைக்கால். இந்த வரிசையில் சண்டையே கிடையாது. கருப்பி தலையை நிமிர்த்தி ஒரு பார்வை பார்த்தாலே கட்டைக்கால் ஒதுங்கிவிடுவாள், கொத்தவே வேண்டியதில்லை. கோழிகளுக்குள் இப்படி ஒரு வரிசை இருப்பதை, சிறு வயதிலிருந்தே கோழிகளைக் கவனித்து வந்த நார்வேக்காரர் தோர்லைஃப் ஷெல்டெருப்-எபே 1921-ல் ஆய்வாக எழுதினார். யார் யாரைக் கொத்தலாம் என்பது ஒரு முறை முடிவாகிவிட்டால் அதற்கப்புறம் கூட்டம் நிம்மதியாக இருக்கும். புதிதாக ஒரு கோழி நுழைந்தால் அது எல்லாவற்றையும் மறுபடி முடிவு செய்தாக வேண்டும், அலகால்தான் முடிவு செய்ய முடியும். அதனால் பழைய கோழிகள் கொத்துவதைக் கெட்ட குணம் என்று நான் நினைப்பதில்லை. கருப்பியைத் திட்டுவதும் இல்லை.

கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா என்பார்கள். அது தாய்க்கோழிக்குத்தான் பொருந்தும். அடைகாத்துப் பொரித்த தாய், குஞ்சுகளோடு கூட்டத்துக்குள் திரிந்தால் நமக்கு வேலையே இல்லை. யாராவது கிட்டே வந்தால் அவள் சிலிர்த்துக்கொண்டு பாய்வாள். குஞ்சுகளும் கூட்டத்துக்கு நடுவிலேயே வளர்ந்து தங்கள் இடத்தைத் தெரிந்துகொள்ளும். விளக்குச் சூட்டில் தாயில்லாமல் வளர்ந்தவற்றுக்கும் வெளியிலிருந்து வாங்கி வந்தவற்றுக்கும் அந்தக் காவல் கிடையாது. அந்நியக் கோழி மிதித்தால் குஞ்சு சாகும். அதனால் 12 வாரமாவது ஆகி, உடம்பில் பெரியவற்றுக்கு ஏறக்குறைய ஈடாகும்வரை நான் ஒன்றாக விடுவதில்லை. ஒரே ஒரு கோழியைத் தனியாகச் சேர்ப்பதும் இல்லை. விழுகிற கொத்தெல்லாம் அதன் தலையிலேயே விழும். இந்த முறை சேர்ந்திருப்பவை நான்கு விடைக்கோழிகள், அதாவது இன்னும் முட்டையிட ஆரம்பிக்காத இளம் பெட்டைகள். ஒன்றுக்கொன்று துணை, பயந்தாலும் ஒன்றாகப் பயப்படும்.

வெளியிலிருந்து வந்தவை என்றால் இதற்கெல்லாம் முன்னால் ஒரு மாதம் தனி இடம். தும்மல், மூக்கொழுகல், கண் வீக்கம், கழிச்சல், இறகுக்கடியில் பேன் எல்லாம் பார்க்க அந்த அவகாசம் வேண்டும். பார்வைக்குத் திடமாக இருக்கிற கோழியும் நோயைச் சுமந்து வரலாம். அந்த நாட்களில் பழையவற்றுக்குத் தீவனம் வைத்துவிட்டுத்தான் புதியவற்றிடம் போவேன். பாத்திரம் வேறு, செருப்பும் வேறு. இதில் மட்டும் சலுகையே கிடையாது.

அப்புறம்தான் கம்பிவலை. பாதி வேலையை அதுதான் செய்கிறது என்பேன். பழைய கோழிகள் திரிகிற இடத்திலேயே ஒரு பக்கத்தை வலையால் தடுத்துப் புதியவற்றை உள்ளே விட்டுவிட வேண்டும். பார்க்கலாம், கேட்கலாம், கொத்த முடியாது. இப்படி இரண்டு வாரம் இருந்தால் நல்லது. முதல் நாள் கருப்பி வலையோரம் வந்து பக்கவாட்டாக நின்றாள். ஒரு கண்ணால் மட்டும் பார்த்தாள். கழுத்து இறகு மெதுவாகச் சிலிர்த்து எழுந்தது. உள்ளே இருந்த நான்கில் கொஞ்சம் பெரியது எதிரே வந்து நின்றது. இரண்டும் அசையவில்லை. திடீரென்று கருப்பி தலையைக் குனிந்து தரையில் எதையோ கொத்தினாள். அங்கே கொத்த ஒன்றுமே இல்லை. சின்னதும் உடனே குனிந்து வெறுந்தரையைக் கொத்தியது. பிறகு மறுபடி நிமிர்ந்து ஒரு பார்வை. பாயலாமா போகலாமா என்று தீராத நேரத்தில் கோழி இப்படித்தான் தரையைக் கொத்தும். கடைசியில் சின்னதுதான் முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்வாங்கியது. ஒரு இறகுகூட உதிராமல் ஒரு வழக்கு தீர்ந்தது. வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தீவனத் தட்டுகளை ஒட்டியே வைத்தால் இன்னும் சீக்கிரம் பழகும். வலைக்கு அருகில் தின்பது ஒரு சாதாரண விஷயமாகிவிடும். பெரியவை வலையைக் கண்டுகொள்ளாமல் மண்ணைக் கிளற ஆரம்பித்தால் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஒன்றாக விடும் நாளில் இடம்தான் முக்கியம். துரத்தப்படுகிற கோழி ஓடிப்போய்க் கண்ணுக்கு மறைய வேண்டும். சாய்த்து வைத்த பலகை, கவிழ்த்த பெட்டி, வெட்டிப் போட்ட மரக்கிளை எதுவானாலும் சரி, ஆனால் ஒரு பக்கம் நுழைந்தால் மறுபக்கம் வெளியேற வழி இருக்க வேண்டும். ஒரே வாசல் உள்ள மறைவிடத்தில் சின்னக்கோழி மாட்டிக்கொள்ளும். தீவனமும் தண்ணீரும் மூன்று இடத்திலாவது, ஒரு கோழி காவல் நின்று மறித்துவிட முடியாத தூரத்தில். வலைத் தடுப்பில் சின்னவை மட்டும் நுழைகிற அளவுக்கு ஒரு சந்து வைத்தால், பெரியவை உள்ளே வர முடியாத ஒரு புகலிடமும் கிடைக்கும். சேவல் இருக்கிற கூட்டத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சண்டையைக் குறுக்கே போய் விலக்கும் சேவலும் உண்டு, விடைக்கோழிகளை ஓயாமல் துரத்தும் சேவலும் உண்டு.

அடுத்தது நம் மனசுக்கான வேலை. கொத்து விழும். சின்னது கத்தும். ஓடிப்போய்ப் பிரித்துவிடக் கை பரபரக்கும். பிரிக்கப் பிரிக்க அந்த வழக்கு முடியாமல் இழுத்துக்கொண்டே போகும், மறுநாள் அதே இடத்திலிருந்து ஆரம்பிக்கும். நான் வைத்திருக்கும் கணக்கு இது: கொத்து வாங்கியது விலகி ஓடி, கொத்தியதும் அதோடு நின்றுவிட்டால் நான் அசைவதில்லை. அது சட்டம், சண்டை அல்ல. ஓடியதை மூலைவரை விரட்டிப் போய் மேலேறி மண்டையிலேயே கொத்தினாலோ, தின்னவும் குடிக்கவும் விடாமல் ஒன்று காவல் நின்றாலோ, ரத்தம் வந்தாலோ உடனே உள்ளே இறங்கிவிடுவேன். ரத்தத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவே கூடாது. சிவப்பைக் கண்டால் அதுவரை சும்மா இருந்த கோழியும் வந்து கொத்தும், புண் பெரிதாகும், கூட்டமே சேர்ந்து ஒன்றைக் கொன்றுவிடுவதும் உண்டு. காயம்பட்டதைத் தூக்கி, கழுவி, மருந்து போட்டு, வலைக்கு அந்தப் பக்கம் வைக்க வேண்டும். கண்ணுக்கு மறைவாகக் கொண்டுபோனால் ஆறி வரும்போது அது மறுபடி அந்நியமாகிவிடும்.

செவலை இந்த முறை மிகவும் படுத்தினாள். கருப்பி இரண்டு கொத்தோடு விட்டுவிட்டாள், அவளுக்குத் தன் இடத்தைப் பற்றிப் பயமில்லை. இரண்டாம் இடத்தில் இருக்கிறவளுக்குத்தான் அந்தப் பதற்றம். இந்த மாதிரி நேரத்தில் அடி வாங்குகிறதைப் பிரிக்கக் கூடாது, அடிக்கிறதைத்தான் பிரிக்க வேண்டும். செவலையைச் சில நாள் தனியாக, மற்றவற்றின் கண்ணில் படாத இடத்தில் வைத்தேன். அவள் இல்லாத நேரத்தில் மற்றவை தங்களுக்குள் ஒரு ஏற்பாட்டுக்கு வந்துவிட்டன. திரும்பி வந்தபோது அவளே புதிதாக வந்தவள்போலத் தன் இடத்தைத் தேட வேண்டியிருந்தது. சின்னவற்றை விரட்ட அவளுக்கு நேரமே இருக்கவில்லை.

பகலெல்லாம் அமைதியாகப் போன நாளிலும் அந்தி சாயும்போது கூட்டுக்குள் ஒரு முறை எட்டிப் பார்த்துவிடுங்கள். எது எந்த இடத்தில் அடைகிறது என்பதில்தான் மிச்சமிருக்கும் தகராறு முழுவதும் வெளியே வரும். உயரமான கம்பு பெரியவர்களுக்கு. சின்னது தெரியாமல் ஏறி உட்கார்ந்தால் கால்விரலில் கொத்து விழும், தொப்பென்று கீழே வந்து நிற்கும். ஒரு கோழிக்கு 20 முதல் 25 செ.மீ. கம்பு வேண்டும், பகை தீராத நாட்களில் அதற்கு மேலேயே வேண்டும். எங்கள் கூட்டில் எதிர்ச் சுவரோரம் இன்னொரு கம்பு கட்டினேன். நான்கும் அங்கே ஒட்டி உட்கார்ந்துகொண்டன. விடிந்ததும் கூட்டைத் திறக்கத் தாமதிக்கவே கூடாது, முதல் சில வாரம் இதற்காகவே சீக்கிரம் எழுந்திருப்பது தகும்.

தீவன விஷயத்தைப் பலர் யோசிப்பதில்லை. முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச்சத்து 3.5 முதல் 4 சதவீதம்வரை இருக்கும். இன்னும் முட்டையிடாத கோழிக்குச் சுமார் 1 சதவீதம் போதும், அதற்கு மேல் தொடர்ந்து போனால் சிறுநீரகம் கெடும். ஒன்றாகத் திரிகிறவற்றுக்குத் தனித்தனியாக வைப்பது நடக்காத காரியம். எல்லாவற்றுக்கும் வளர்கோழித் தீவனத்தையே போட்டுவிட்டு, நொறுக்கிய கிளிஞ்சலை வேறொரு பாத்திரத்தில் வைத்துவிடலாம். முட்டையிடுகிறவை தேவைக்கேற்ப அங்கே போய்த் தின்னும். சின்னவை அதை அவ்வளவாகத் தொடாது. அந்த நாட்களில் பெரியவற்றின் முட்டை குறைந்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் கூட்டத்தில் நடக்கும் கலவரம்தான், அது அடங்கினால் முட்டையும் திரும்பும்.

நான்கில் பெரியதற்கு இப்போது கொண்டை சிவக்க ஆரம்பித்திருக்கிறது. முட்டைப் பெட்டிக்குள் எட்டி எட்டிப் பார்க்கிறாள். கொண்டை சிவந்தால் பெரியவற்றின் கண்ணுக்கு அவள் குஞ்சு இல்லை, போட்டிக்காரி. பெட்டி வாசலில் இன்னொரு சுற்று நடக்கும். நாலைந்து கோழிக்கு ஒரு பெட்டி என்பது கணக்கு, ஒன்பதுக்கு ஒன்று போதாது. இந்த வாரம் இன்னொன்று அடித்து, கருப்பியின் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்காமல் எதிர்மூலையில் வைத்திருக்கிறேன்.