1967-க்கு முன், 1967-க்குப் பின்

ஏற்காட்டில் பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். இந்தியாவின் வெளியுறவுக் கொள்கை நடத்தும்போது பொக்ரானில் நாம் நடத்திய அணுகுண்டுச் சோதனைகள் வந்துவிடும். தேர்வுக்கு 1974, 1998 என்ற இரண்டு ஆண்டுகள் போதும். பிள்ளைகளுக்குப் போதாது. "நாம வெடிச்சா தடை போடுறாங்க, அவங்க மட்டும் வெச்சிருக்கலாமா டீச்சர்?" என்று எஸ்டேட்டிலிருந்து வரும் ஒரு மாணவி கேட்டாள்.

அதிலிருந்து அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். 1970-இல் நடைமுறைக்கு வந்தது. 1967 ஜனவரி 1-க்கு முன்பே வெடித்துப் பார்த்தவர்கள் அணு ஆயுத நாடுகள். மற்றவர்கள் செய்யவே கூடாது. அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ், 1964-இல் வெடித்த சீனா என்று ஐந்து பேர் உள்ளே. பதிலுக்கு இந்த ஐவரும் ஆயுத ஒழிப்புக்காக நல்லெண்ணத்தோடு பேச வேண்டும் என்கிறது ஆறாவது பிரிவு. அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது, ஆயிரக்கணக்கான குண்டுகள் இன்னும் இருக்கின்றன. அதற்காக அவர்கள் மீது தடை போட்டவர் யாருமில்லை. 1981-இல் ஈராக்கின் ஒசிராக் அணு உலையை இஸ்ரேல் விமானங்கள் தகர்த்தன. அந்த இஸ்ரேல் ஒப்பந்தத்தில் சேரவே இல்லை. தன்னிடம் குண்டு உண்டா என்று வெளிப்படையாகச் சொன்னதும் இல்லை. இது அநியாயம் என்று வகுப்பில் வெளிப்படையாகவே சொல்கிறேன்.

இதுவரை ஆசிரியர் அறையில் எல்லோரும் தலையாட்டுவார்கள். அடுத்ததுதான் சிக்கல். நம் 1974 சோதனைக்குப் பிறகு, அணுப் பொருள்களின் விற்பனையைக் கட்டுப்படுத்த உருவான அணுசக்தி விநியோக நாடுகள் குழு, பரவல் தடை ஒப்பந்தத்தில் சேராத இந்தியாவுக்கு 2008-இல் அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு தந்தது. விலக்கு கிடைத்ததும் நம் கோபமும் பாதி அடங்கிவிட்டது. 2017-இல் ஐ.நா.வில் அணு ஆயுதங்களை அடியோடு தடை செய்யும் ஒப்பந்தத்துக்கு 122 நாடுகள் வாக்களித்தன. குண்டு வைத்திருக்கும் ஒன்பது நாடுகளில் ஒன்றுகூட அதில் கலந்துகொள்ளவில்லை, நாமும்தான். இந்த ஒப்பந்தத்தில் முன்பு பிறந்தவன், பின்பு பிறந்தவன் என்ற பேதமே கிடையாது. நாம் இத்தனை காலம் கேட்டது அதைத்தானே?

"அக்கம்பக்கத்துல ரெண்டு பேர் வெச்சிருக்கறப்ப நாம என்ன பண்றது மேடம்?" என்றார் மூத்த ஆசிரியர் ஒருவர். நியாயமான பயம். ஆனால் இதே பயத்தை வட கொரியா சொன்னால் நாம் ஏற்பதில்லை.

அதனால் தென் ஆப்பிரிக்காவையும் சேர்த்துக்கொள்கிறேன். தானாகச் செய்த ஆறு குண்டுகளைத் தானே பிரித்துப்போட்டுவிட்டு, 1991-இல் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடு அது. பாடப்புத்தகம் கேட்காவிட்டாலும் பொக்ரானுக்கு ஒதுக்கும் நேரத்தை அதற்கும் ஒதுக்குகிறேன்.