பெண்ணையாற்றங்கரையில் ஒரு பழைய பள்ளம்

2025 மார்ச் 9, ஞாயிறு

விடியற்காலையிலேயே கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து கிளம்பிவிட்டோம், நானும் சர்வேயர் அண்ணனும். அண்ணன் ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகியும் பையில் டேப் இல்லாமல் வெளியே வருவதில்லை. ஃபெஞ்சல் புயலை ஒட்டி டிசம்பரில் பெண்ணையாற்றில் வந்த வெள்ளம் கரையைப் பல இடங்களில் அறுத்துப் போட்டிருக்கிறது. கழனிக்காரர்களுக்குப் பெரும் நஷ்டம், பயிரின் மேல் மணல் ஏறிக் கிடக்கிறது. பழைய எல்லைகளின் தடம் தேடித் திரியும் எங்களுக்கோ, சொல்லவே கூச்சமாக இருக்கிறது, அறுபட்ட கரை என்பது யாரோ இலவசமாக வெட்டிக் கொடுத்த ஆய்வுக்குழி. நாங்களாகத் தோண்டக் கூடாது, அதற்குத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும். வெள்ளமோ பொக்லைனோ வெட்டிய இடத்தைப் பார்த்து, அளந்து, படம் எடுத்துக்கொண்டு வருவதோடு சரி.

இன்று பார்த்தது நல்ல பள்ளம், எப்போதோ இருந்து பிறகு தூர்ந்துபோனது. மஞ்சள் வண்டலுக்கு நடுவே கருத்த மண் ஒரு பெரிய வாணலிபோல் உட்கார்ந்திருக்கிறது, மேலே அகலம் பதினோரு அடிக்குக் கொஞ்சம் கூட, ஆழம் நாலரை அடி, இரண்டு பக்கமும் ஒரே சாய்வு. ஆறே அரித்த பள்ளமாக இருந்தால் அடியில் பருமணல் கிடக்கும், ஒரு பக்கக் கரை செங்குத்தாக நிற்கும். இது மண்வெட்டி வெட்டியது. அடியில் மெல்லிய களிமண் ஏடு ஏடாகப் படிந்திருப்பதைப் பார்த்தால் தண்ணீர் ஓடியதை விடத் தேங்கியதுதான் அதிகம் போலிருக்கிறது. அப்படியானால் எல்லைப் பள்ளம் என்றேன் நான். மதகை அடைத்த வாய்க்காலிலும் தண்ணீர் தேங்கும் என்றார் அண்ணன். டீ குடிக்கும் வரை இதே சண்டை.

மார்ச் 10, திங்கள்

எல்லைப் பள்ளம் என்று நான் அடம்பிடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1690இல் கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயக் கம்பெனி வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு விழும் தூரம் வரை உள்ள ஊர்களும் சேர்த்தி என்பது பேச்சு. சென்னையில் அப்போது கவர்னர் எலிஹு யேல். நல்ல பீரங்கியாகப் பார்த்து அங்கிருந்தே அனுப்பி வைத்தார், எல்லாத் திசையிலும் சுட்டார்கள், குண்டு விழுந்த ஊரெல்லாம் கம்பெனிக்கு. அதனால்தான் குண்டு கிராமம் என்ற பெயர் வருவாய்க் கணக்கிலேயே ஏறியது. அளக்கிற சங்கிலி எவ்வளவு நீளம் என்று சண்டை போடுவதைக் கேட்டிருக்கிறேன், பீரங்கியில் வெடிமருந்து எவ்வளவு கெட்டித்தார்கள் என்பதைப் பொறுத்து எல்லை மாறுவது இங்கே மட்டும்தான் இருக்கும். அந்த எல்லையைச் சுற்றிப் பிற்பாடு முள்வேலி வளர்த்தார்கள். கள்ளி, கற்றாழை, பனை, மூங்கில். குதிரைப்படை நுழையாமல் இருக்க. நாம் பார்த்த பள்ளம் அந்த வேலியை ஒட்டி வெட்டியதாக இருக்கலாம் என்பது என் கணிப்பு.

மார்ச் 16, ஞாயிறு

செயற்கைக்கோள் படத்தில் நம் பள்ளத்தின் நேரே மேற்கே போய்ப் பார்த்தேன். அறுப்பு முடிந்து கழனியெல்லாம் காய்ந்து வெளிறிக் கிடக்கும் மாதங்களின் படங்களில் மட்டும் ஒரு பச்சைக் கோடு தெரிகிறது. மூடிப்போன பள்ளத்து மண் ஈரத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்து வைக்கும், அதனால் அதன் மேல் உள்ள புல் கடைசியாகத்தான் காயும். மழைக்காலப் படத்தில் தேடினால் ஒன்றும் தெரியாது.

நேரில் நடந்தோம். வேலி என்று சொல்ல ஒன்றுமே இல்லை, சீமைக் கருவேல்தான், அது இந்தக் கதையில் வெகு பிற்பாடு வந்தது. பழைய வேலியில் சப்பாத்திக்கள்ளி இருந்திருந்தாலும் இன்று பார்க்கக் கிடைக்காது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1926இல் அதை ஒழிப்பதற்கென்றே ஒரு செதில் பூச்சியை இலங்கையிலிருந்து கொண்டுவந்தார்கள். சில வருடங்களிலேயே தமிழ்நாட்டுக் கள்ளிப் புதர்களைப் பெரும்பாலும் தின்று தீர்த்துவிட்டது. செடியைத் தேடாமல் பள்ளத்தைத் தேட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

வெயில் தாங்கவில்லை. பதினொன்றரைக்குத் திரும்பிவிட்டோம்.

மார்ச் 23, ஞாயிறு

பாகூர். முள்ளோடை தாண்டினால் புதுச்சேரி, முதலில் கண்ணில் படுவது மதுக்கடைகள்தான், நாங்கள் நேராகப் போய்விட்டோம் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். இங்கே இன்னும் குழிக் கணக்கு உயிரோடு இருக்கிறது. ஒரு குழி 576 சதுர அடி, அதாவது பக்கத்துக்கு 24 அடி, நூறு குழி ஒரு காணி. ஆகவே பழைய வரப்புகளுக்கு இடையே டேப் பிடித்தால் 24இன் மடங்கு வருகிறதா என்று பார்க்கலாம். ஏரிப் பாசனத்தில் சில இடத்தில் 72, 120 என்று ஒரு சாண் வித்தியாசத்துக்குள் வந்தது, சில இடத்தில் வரவே இல்லை. பாகம் பிரிக்கும்போது வரப்பு நகர்ந்திருக்கும்.

இந்த ஊருக்கு எல்லை எழுதும் பழக்கம் ரொம்பப் பழையது. பல்லவன் நிருபதுங்கனின் எட்டாம் ஆட்சியாண்டுச் செப்பேடு, பாகூர் வித்தியாஸ்தானத்துக்கு, அதாவது கல்லூரிக்கு, மூன்று ஊர்களைக் கொடுத்ததைச் சொல்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டு. அந்தக் காலத்துச் செப்பேடுகளில் எல்லை சொல்லும் முறையே தனி: இன்ன ஊருக்கு மேற்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு என்று நாலு திசையும் சொல்லி, ஊரைச் சுற்றி நடந்து, கல்லும் கள்ளியும் நட்டு முடிப்பார்கள். சோழர் செப்பேடுகளில் பெண் யானையை முன்னே நடத்தி எல்லை சுற்றியதும் வருகிறது. பீரங்கியை விட யானை எவ்வளவோ மேல், கூட நடக்கிற பக்கத்து ஊர்க்காரன் அங்கேயே நின்று மறுத்துப் பேசலாம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மறுபடியும் பெண்ணைக் கரை. பள்ளத்தின் மேல் அடுக்கில் ஒரு நீலவெள்ளைப் பீங்கான் துண்டு, நகத்தளவு. கீழ் அடுக்கில் சாதாரணச் சிவப்பு மண் ஓடுகள்தான், அவற்றை வைத்துக் காலம் சொல்வது கஷ்டம். எதையும் எடுக்கவில்லை, அளவுகோல் வைத்துப் படம் மட்டும். பீங்கான் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: அது விழும்போது பள்ளம் பெரும்பாலும் தூர்ந்துவிட்டது. வெட்டியது எப்போது என்பதைக் கீழ் அடுக்கில்தான் கேட்க வேண்டும், அது இன்னும் வாயைத் திறக்கவில்லை.

கழனிக்காரப் பெரியவர் ரொம்ப நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "ஏன் தம்பி, வெள்ளைக்காரன் பள்ளத்த அளந்து என்னா பண்ணப் போறீங்க? பக்கத்துக்காரன் வருஷா வருஷம் ஒரு மண்வெட்டி என் வரப்பச் செதுக்கறான், மொதல்ல அத அளந்து குடுங்க." அண்ணன் டேப்பை எடுத்துவிட்டார். ஒரு மணி நேரம் போனது. பெரியவர் சொன்னது உண்மைதான், ஒன்றேகால் அடி போயிருக்கிறது.

ஏப்ரல் 13, ஞாயிறு

அந்த ஒரு மணி நேரம் வீண் போகவில்லை. பெரியவருக்காக அண்ணன் பழைய புலப்படத்தை, அதாவது கழனிகளின் அளவுப் படத்தை, தேடி எடுத்ததில், அவர் கழனியின் வடக்கு ஓரமாக ஒடுங்கிய துண்டு ஒன்று நேராகப் போகிறது, கணக்கில் ஓடைப் புறம்போக்கு. அகலம் 17 லிங்க். ஒரு சங்கிலி 66 அடி, நூறு லிங்க், ஆகவே ஏறக்குறைய 11 அடி இரண்டரை அங்குலம். கரையில் நாங்கள் அளந்ததும் அதேதான். ஓடை இவ்வளவு நேராகப் போகாது என்று இப்போது அண்ணனே சொல்கிறார், ஆனால் வேலிப் பள்ளம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார், வெட்டு வாய்க்காலையும் கணக்கில் ஓடை என்று எழுதுவது உண்டாம். அதுவும் நடக்கக்கூடியதுதான். வாய்க்கால் என்றால் தலைப்பில் மதகோ கல் கட்டுமானமோ, கீழே பாய்கிற கழனியோ இருக்க வேண்டும். அந்தத் துண்டு மேற்கே எங்கே முடிகிறது என்பது அடுத்த ஊர்ப் புலப்படத்தில் இருக்கிறது. மனு எழுதியாகிவிட்டது.

கரையில் மணல் மூட்டை அடுக்கத் தொடங்கிவிட்டார்கள், பள்ளம் பாதி மறைந்துவிட்டது. பெரியவருக்கு அதில் பரம சந்தோஷம்.