கப்பல்காரனுக்கு ஒரு மெழுகுதிரி

இங்கிலாந்தில், ஜில்லிங்ஹாமில் எங்கள் வீட்டிலிருந்து வுட்லண்ட்ஸ் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தே போய்விடலாம். ஆறு வருடமாக நைட் டியூட்டி முடிந்து அந்தப் பக்கமாகத்தான் வீடு திரும்புகிறேன். ஒரு நாளும் உள்ளே போனதில்லை. பயமெல்லாம் இல்லை, தூக்கம்தான் காரணம். போன நவம்பரில் போனேன். அதற்கு முன்னால் ஹெர்ன் பே என்ற கடற்கரை ஊர் வரை ரயில் ஏற வேண்டியிருந்தது.

பள்ளிக்கூட அரைப்பருவ விடுமுறை. மகன் வீட்டில் சுவரில் ஏறிக்கொண்டிருந்தான். சரி, கடலையாவது காட்டிவிட்டு வருவோம் என்று கிளம்பினோம். எங்கள் குமரிக் கரையைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அது கடலே இல்லை. தேம்ஸ் ஆறு வந்து கலக்கும் இடம், கலங்கிய தண்ணீர். தூரத்தில் காற்றாலைகள் நிற்கின்றன. 1978ல் அடித்த புயலில், கடலுக்குள் நீண்டிருந்த பழைய பாலத்தின் நடுப்பகுதி போய்விட, அதன் தலை மட்டும் கடலுக்குள் தனியாக நிற்கிறது. அதற்கு எப்படிப் போவது என்று மகன் கேட்டான். போக முடியாது என்றேன்.

கரையோரம் பைலட் உடுப்பில் ஒரு பெண்ணின் வெண்கலச் சிலை. 2016ல் வைத்தது. மகன் எழுத்துக் கூட்டிப் படித்தான்: ஏமி ஜான்சன். சிப்ஸ் ஆறும்வரை போனில் தேட ஆரம்பித்தேன். சிப்ஸ் ஆறிப்போனதுதான் மிச்சம்.

ஹல் என்ற துறைமுக ஊரில் 1903ல் பிறந்தவர். அப்பா மீன் வியாபாரி. அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திவிட்டுத்தான் மேலே படித்தேன். எங்கள் வீட்டிலும் மூன்று தலைமுறையாக மீன்தான். லண்டனில் வக்கீல் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே விமானம் ஓட்டக் கற்றிருக்கிறார். பழுது பார்க்கவும் கற்று, அதற்கு லைசென்ஸ் வாங்கியிருக்கிறார். 1930 மே 5ஆம் தேதி தனியாகக் கிளம்பி, 24ஆம் தேதி ஆஸ்திரேலியாவின் டார்வினில் இறங்கியபோது வயது 26. இங்கிலாந்திலிருந்து அங்கே தனியாகப் பறந்து போன முதல் பெண். ஜேசன் என்று பெயர் வைத்திருந்த அந்தச் சின்ன விமானத்தை வாங்க அப்பாவும் பணம் போட்டிருக்கிறார். மீன் விற்ற காசு!

வழியில் நம் பக்கமும் வந்திருக்கிறார். ஜான்சியில் பட்டாளத்தின் பரேடு மைதானத்தில் இறங்கினார். ரங்கூனுக்குப் பக்கத்தில் இன்செயினில் விளையாட்டு மைதானம் ஒன்றில் இறங்கி, பள்ளத்தில் மாட்டி, இறக்கை சேதமாகிவிட்டது. கிழிந்த இடத்துக்குச் சட்டைத் துணியை வைத்து ஒட்டுப்போட்டுக் கொடுத்தார்களாம். பாய்மரத்துக்கு ஒட்டுப்போடுகிற மாதிரி.

அப்புறம் யுத்தம். விமானத் தொழிற்சாலைக்கும் படைத்தளங்களுக்கும் நடுவே விமானங்களை ஓட்டிக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலைக்கு 1940ல் சேர்ந்தார். அந்த வேலையில் ரேடியோ கிடையாது. கீழே தெரியும் ஆற்றையும் ரயில் பாதையையும் பார்த்து ஓட்ட வேண்டும். ஆண்களுக்குக் கொடுத்ததில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துத்தான் பெண்களுக்குச் சம்பளம், 1943ல்தான் சமமாக்கினார்கள். உலகமே கொண்டாடியவருக்கும் அதே கணக்குதான்.

1941 ஜனவரி 5, ஞாயிற்றுக்கிழமை. முந்தின இரவு பிளாக்பூலில் தங்கை வீட்டில் தங்கிவிட்டு, மதியத்துக்குச் சற்று முன் ஆக்ஸ்ஃபோர்டு ரக விமானம் ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பினார். போக வேண்டிய இடம் கிட்லிங்டன், சுமார் ஒரு மணி நேர வழி. வானிலை படுமோசம். மூன்றரை மணி வாக்கில், போய்ச்சேர வேண்டிய இடத்துக்கு நூறு மைல் தள்ளி, ஹெர்ன் பேக்கு அப்பால் கடலில் பாரசூட்டில் இறங்கினார். ரகசிய வேலையாகப் போனார், பிரிட்டிஷ் படையே சுட்டுவிட்டது என்றெல்லாம் இன்றைக்கும் கதை உண்டு. எனக்கு மேகமே போதும். மேகத்துக்கு மேல் மாட்டிக்கொண்டு, கீழே நிலமா கடலா என்று தெரியாமல் சுற்றியிருக்கிறார். கரை தெரியாமல் சுற்றுவது என்றால் என்ன என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பாரசூட்டை ஹாஸில்மியர் என்ற கடற்படைக் கப்பல் பார்த்துவிட்டது. எதிரி விமானங்களிடமிருந்து காப்புக்காகப் பலூன் கட்டிக்கொண்டு மற்றக் கப்பல்களோடு போய்க்கொண்டிருந்த கப்பல். பனி கொட்டுகிறது. பக்கத்தில் போகத் திரும்பும்போது தரை தட்டிவிட்டது. தண்ணீரில் பெண் குரல் கேட்டது என்று மாலுமிகள் பின்னால் சொன்னார்கள். கயிறு வீசினார்கள். அவரால் பிடிக்க முடியவில்லை.

இதைப் படிக்கும் யாருக்கும், கயிற்றைக்கூடப் பிடிக்க முடியாதா என்று தோன்றும். முடியாது. ஜனவரி மாதத்து வடகடல் தண்ணீரில் விழுந்தால், முதல் நிமிடம் மூச்சே உங்கள் பேச்சைக் கேட்காது. பத்து நிமிடத்தில் உடம்பு கையையும் காலையும் கைவிட்டுவிட்டு ரத்தத்தை நெஞ்சுக்கு இழுத்துக்கொள்ளும். விரல் மடங்காது. குளிரில் விறைத்துப்போனவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன். டம்ளரைக் கையில் கொடுத்தால் நழுவிவிடும். நினைவு முழுசாக இருக்கும், கை மட்டும் அவர்களுடையதாக இருக்காது.

ஏமி கப்பலின் பின்பக்கம் அடித்துக்கொண்டுபோய் மறைந்துவிட்டார். அப்போதுதான் கப்பலின் தலைவர், லெஃப்டினன்ட் கமாண்டர் வால்டர் ஃப்ளெட்சர், கடலில் குதித்தார். மேலே நின்று ஆணையிட்டிருக்கலாம், அதுதான் அவர் வேலை. தண்ணீரில் இருப்பது யார் என்று அந்தக் கப்பலில் ஒருவருக்கும் தெரியாது. இன்னொரு ஆளும் மிதந்ததாகச் சிலர் சொன்னார்கள். அது ஆளில்லை, ஏமியின் பையாக இருக்கலாம் என்றும் சொல்கிறார்கள். ஃப்ளெட்சர் அதை நோக்கித்தான் நீந்தினாராம். அவரைத் தூக்கி எடுத்தபோது நினைவில்லை. பிழைக்கவில்லை. உயிர் காக்கத் துணிந்தவர்களுக்கான ஆல்பர்ட் பதக்கம் கொடுத்தார்கள், இறந்த பிறகு.

ஏமியின் பை கிடைத்தது. ஏமி கிடைக்கவில்லை. உடல் கிடைக்காத 20,000க்கும் மேற்பட்ட விமானப்படையினரின் பெயர்களோடு ரன்னிமீட் நினைவிடத்தின் சுவரில் அவர் பெயரும் இருக்கிறது.

அன்று இரவு அம்மாவுக்குப் போன் போட்டபோது இதைச் சொன்னேன். அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. 2017 ஒக்கிப் புயலில் என் சித்தப்பா போனவர், இன்னும் வரவில்லை. குடும்பக் கல்லறையில் அவர் பெயரை வெட்டிவிடலாமா என்று வீட்டில் இரண்டு வருடம் பேசினார்கள். சித்தி சம்மதிக்கவில்லை. "உள்ள ஆளில்லாம பேரு மட்டும் எதுக்கு?" என்று கேட்டார். அதற்கு யாரிடமும் பதில் இல்லை. கல்லறைத் திருநாளில் எல்லோரும் தோட்டத்துக்குப் போகும்போது சித்தி மட்டும் மெழுகுதிரியை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போவார். காற்றில் அது நிற்காது. திரும்பத் திரும்பக் கொளுத்துவார்.

அம்மா கடைசியில் கேட்டது ஏமியைப் பற்றி இல்லை. "குதிச்சானே அந்தக் கப்பல்காரன், அவனை எங்க அடக்கினாங்க மக்களே?"

தேடிப் பார்த்தேன். ஜில்லிங்ஹாம், வுட்லண்ட்ஸ் கல்லறைத் தோட்டம்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். காலை டியூட்டி முடிந்து, யூனிஃபார்ம் மேல் கோட்டை மாட்டிக்கொண்டு நேராக அங்கே போனேன். கடற்படைக்காரர்களுக்கென்று தனிப் பகுதியே இருக்கிறது. முதல் உலகப் போரில், 1917ல், பக்கத்துச் சாத்தம் கடற்படைக் கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் குண்டு விழுந்தது. அதில் இறந்த பையன்களும் இங்கேதான். ஒரே அளவுக் கற்கள், வரிசை வரிசையாக. பெயர் பெயராகப் படித்துக்கொண்டு வந்ததில் முக்கால் மணி நேரம் போய்விட்டது. ஷூவுக்குள் ஈரம்.

அம்மா சொன்னபடி மெழுகுதிரி ஒன்று கொண்டுபோயிருந்தேன். காற்றுக்கு நிற்க வேண்டுமே என்று ஊறுகாய் பாட்டிலைக் கழுவி அதற்குள் வைத்துக் கொளுத்தினேன். வீடியோவில் காட்டியபோது அம்மா, "பக்கத்துல இருக்கவனுக்கும் ஒண்ணு வச்சிருக்கலாமே" என்றார். ஒன்றுதான் இருந்தது. அடுத்த வருடம் ஒரு பாக்கெட்டாக வாங்கிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டு, தூங்க வந்துவிட்டேன்.