நாலு மணி காபி ராத்திரி ரெண்டு மணி வரை

வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆரம்பித்தது. பத்து மணிக்குப் படுத்தால் ஒரு மணி, இரண்டு மணி வரை கண்ணை மூட முடியாது, நெஞ்சு வேறு படபடவென்று அடித்துக்கொள்ளும். "மாசமா இருந்தா அப்படித்தான்டி, தூக்கம் வராது" என்றாள் அம்மா. அதுவும் உண்மைதான். ஆனால் மாலை 4 மணிக்கு அவளே முதல் டிகாக்ஷனில் கலந்து, நுரை பொங்க ஆற்றிக் கையில் கொடுக்கும் அந்த டம்ளர் காபி மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பத்து வருடமாகக் குடிக்கிறேன், ஒருநாளும் தூக்கத்தைக் கெடுத்ததில்லையே.

காபியில் தூக்கத்தை விரட்டுவது கஃபீன். அதைச் சிதைக்கும் வேலையில் பெரும்பங்கு கல்லீரலில் உள்ள ஒரே ஒரு என்சைமுடையது. சிஒய்பி1ஏ2 என்று பெயர். சாதாரண நாட்களில் ஏறிய கஃபீனில் பாதியைச் சுமார் 5 மணி நேரத்தில் தீர்த்துவிடும். கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்கள் ஏற ஏற அது மந்தமாகிக்கொண்டே போகும், கடைசி மூன்று மாதங்களில் அதே பாதி போக 15 மணி நேரம்கூட ஆகலாம். அப்படியென்றால் இன்று 4 மணிக்குக் குடித்த காபியில் பாதி நாளைக் காலை 7 மணிக்கும் ரத்தத்தில் இருக்கும், அதன் மேல்தான் நான் காலைக் காபியைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

எனக்குத் தூக்கம் போனது பெரிதில்லை. கஃபீன் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்கும் போகும், அங்கே அந்த என்சைம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. பிறந்த குழந்தைக்குக்கூட பாதி கஃபீன் வெளியேற மூன்று நான்கு நாள் ஆகும். குறைமாதக் குழந்தைகளுக்கு மூச்சு விட்டு விட்டு நின்றுபோகாமலிருக்க கஃபீனையே மருந்தாகக் கொடுப்பார்கள், அதை ஒரு நாளைக்கு ஒரு வேளை கொடுத்தால் போதும் என்பதற்கும் இதுதான் காரணம்.

சரி, ஹார்மோன் ஏறினால் கல்லீரல் மொத்தமும் மந்தமாகிவிடும் போல என்று நினைத்தேன். இல்லை. சில என்சைம்கள் அடங்கும், சில வேகமெடுக்கும். என் தோழி ஒருத்தி வலிப்புக்கு லாமோட்ரிஜின் சாப்பிடுகிறாள், ஐந்து வருடமாக ஒரு தடவைகூட வலிப்பு வந்ததில்லை. பிசிஓடிக்கு, அதாவது சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினைக்கு என்று கருத்தடை மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் பஸ் ஸ்டாப்பில் விழுந்துவிட்டாள். அந்த மாத்திரையில் இருக்கும் ஈஸ்ட்ரோஜன், லாமோட்ரிஜினை வெளியேற்றும் வேறொரு என்சைமை முடுக்கிவிடும், ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறக்குறைய பாதியாகிவிடும். கருத்தடை மாத்திரையை மாதாமாதம் நிறுத்திவைக்கும் அந்த ஏழு நாள் இடைவெளியில் லாமோட்ரிஜின் அளவு திரும்ப ஏறும், அப்போது தலைசுற்றலும் பார்வை இரட்டையாகத் தெரிவதும் வரலாம். மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம் இது, வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று அவளை யாராவது ஒருவர் கேட்டிருந்தால் போதும். இன்னும் எனக்கு ஆறவில்லை. நீங்கள் இந்த மாத்திரை இரண்டும் சாப்பிடுகிறவராக இருந்தால் நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், நரம்பியல் டாக்டரிடம் இரண்டின் பெயரையும் சொல்லுங்கள், டோஸை அவர் பார்த்து மாற்றுவார்.

இத்தனைக்கும் ஆண் உடலும் பெண் உடலும் மருந்தை ஒரே வேகத்தில் தீர்ப்பதில்லை என்பது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. ஒரே அளவு தூக்க மருந்துக்கு ஆண் எலியைவிடப் பெண் எலி அதிக நேரம் தூங்குகிறது என்று 1930களிலேயே பார்த்துவிட்டார்கள். மனிதர்களில் ஆண் பெண் வித்தியாசம் எலி அளவுக்கு இல்லை என்பது நிஜம்தான், ஆனாலும் சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரையில் பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைக்கச் சொல்லி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவித்தது 2013இல்தான். அதற்குள் அந்த மாத்திரை அங்கே இருபது வருடம் விற்றாகிவிட்டது.

இப்போது காலையில் அரை டம்ளர் காபியோடு சரி. 4 மணிக்கு அம்மா சுக்குமல்லி போட்டு, அதே டபராவில் ஆற்றித் தருகிறாள். பிரசவம் ஆன சில வாரங்களில் என் கல்லீரல் பழையபடி ஆகிவிடும். ஆனால் தாய்ப்பாலில் கொஞ்சம் கஃபீன் போகுமே, குழந்தையின் கல்லீரலுக்கு அந்த வேலை பழக இன்னும் சில மாதம் வேண்டும். அதுவரை சுக்குமல்லிதான்.